வத்தாத ரோடும் நிற்காத ஓடையும்

எனக்குப் பிறவியிலேயே தொண்டை பெரிது. அடுப்படியில் நின்று நான் உப்பு கேட்டால் தெருமுனைக் கடைக்காரர் பொட்டலம் கட்டிவிடுவார் என்று அக்கா கேலி செய்வாள். "மெதுவா பேசேண்டி, தியாகதுருகத்துக்கே கேக்குது" என்று அவள் சொல்லாத நாள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் வாசகம் படிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். கரண்டு போனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். அந்தத் தொண்டைதான் பிறகு எனக்குச் சோறு போட்டது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சவுண்டு சர்வீஸ் கடையில் விளம்பரக் கேசட் பதிவு செய்வார்கள். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, மாரியம்மன் திருவிழா, காணாமல் போன கறவை மாடு எல்லாம் என் குரலில்தான் ஊரைச் சுற்றின.

தேர்தல் வந்தால் கடையில் கால் வைக்க இடமிருக்காது. எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் நான் பேசுவேன். காலையில் ஒருவரை ஏழைகளின் தோழன் என்பேன், மதியம் அவரை எதிர்த்து நிற்பவரை ஏழைகளின் தோழன் என்பேன். ஏழைகளுக்கு அவ்வளவு தோழர்கள் இருந்தும் எப்படித்தான் ஏழையாகவே இருந்தார்களோ தெரியவில்லை. எதுவும் என் மனசைத் தொட்டதில்லை. அக்கா வீட்டுக்காரர் தேர்தலில் நிற்கும் வரைக்கும்.

மாமா சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவர். கல்வராயன் மலையில் ஊர் ஊராக நடந்து குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டே தலை நரைத்தது. மலையில் அவருக்கு ஊசிக்காரர் என்று பேர். ஓய்வு பெற்ற மனுஷன் வீட்டில் சும்மா இருக்கக் கூடாதா? மாவட்டக் கவுன்சிலருக்குச் சுயேச்சையாக நின்றார். பூட்டு சாவி சின்னம். அந்த வார்டில் பாதி கீழே, பாதி மலை மேலே. ஓட்டு கீழே ஜாஸ்தி, மேலே கம்மி.

ஏன் நின்றார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மலையில் ஓர் ஓடை. மழை பெய்தால் அந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் தனித்துப் போய்விடும். ஒருமுறை அக்கரையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. மாமா மருந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இக்கரையில் நிற்கிறார். தண்ணீர் இறங்கவில்லை. அங்கிருந்தவர்களுக்கு என்ன செய்ய வேண்டுமென்று இங்கிருந்தே கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறார். தண்ணீர் வடிந்து அவர் போனபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. தாய் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ மனு, எத்தனையோ ஆபீஸ். "நானே உள்ள போயி உக்காந்தாதான் அந்தப் பாலம் வரும்" என்று கிளம்பிவிட்டார்.

மாமாவுக்கு நக்கல் ஜாஸ்தி. ஊசி போட்ட காலத்தில் குழந்தை அழுவதற்குள் தாயைச் சிரிக்க வைத்துவிடுவாராம். அதனால் கேசட்டுக்கும் அவரே விஷயம் சொன்னார், நானும் கடை முதலாளியும் இரண்டு குரலில் பேசினோம். கேசட்டின் ஒரு பக்கம் கீழ்நாட்டுக்கு, மறுபக்கம் மலைக்கு.

கீழ்நாட்டுப் பக்கத்தில் வருவது இது. மலைக்காரர் ஒருவர் தேன் விற்கக் கள்ளக்குறிச்சிக்கு வருகிறார். நாலுமுனை சந்திப்பில் ரோட்டைத் தாண்ட வேண்டும். காலையிலிருந்து நிற்கிறார். லாரி போகிறது, பஸ் போகிறது, கரும்பு டிராக்டர் போகிறது. சாயந்திரம் தேனோடு திரும்பி வந்தவரைப் பெண்டாட்டி கேட்கிறாள், "இன்னாய்யா, விக்கலியா?" அவர் சொல்கிறார், "ரோடு ஓடிக்கினே இருக்குது புள்ள. நாளைக்கு வத்துனதும் போறேன்."

மலைப் பக்கத்தில் வருவது இது. கீழ்நாட்டு விருந்தாளி ஒருவர் மலைக்குத் திருவிழா பார்க்கக் கிளம்புகிறார். வழியில் ஓடை. வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கப் பயம். கரையில் நின்று கையைக் காட்டிக்கொண்டே இருக்கிறார். தேடி வந்த மலைக்காரி கேட்கிறாள், "இன்னா சாமி இங்கியே நின்னுட்டீங்க?" அவர் சலித்துக்கொள்கிறார், "கையக் காட்டிக்கினே இருக்கறேன், ஒரு தண்ணியும் நிக்க மாட்டேங்குது."

இரண்டு பக்கத்துக்கும் முடிவு ஒன்றுதான். எதிர்த்து நின்றவர், எங்கள் ஜனம் பஸ் மாற மட்டுமே இறங்கும் உளுந்தூர்பேட்டைப் பக்கமிருந்து வந்து குடியேறிய லாரிக்காரர். "பஸ் மாறுற ஊருலேருந்து வந்தவருக்கு நம்ம மண்ணப் பத்தி இன்னா தெரியும்? நம்ம ஆளு, பூட்டு சாவி" என்று நான் இழுத்து முடிப்பேன். கீழே ரோடு கதைக்கு ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. எங்க ஊரு டிராபிக்கைப் பார்த்தியா என்று டீக்கடையில் பெருமை வேறு. பிள்ளைகள் எல்லாம் ரோட்டோரம் நின்று "வத்திச்சா, வத்திச்சா" என்று கேட்டுக்கொண்டு திரிந்தன. மாமா ஜெயித்துவிட்டார் என்றே நாங்கள் நினைத்தோம்.

கெட்டது எல்லாம் ஒரு ஜீப்பால்தான். எங்கள் கடை டேப்ரெக்கார்டரில் ஒரு பக்கம் முடிந்தால் டக்கென்று நின்றுவிடும், கையால் திருப்பிப் போட வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் ஒரே கேசட்டில் இரண்டையும் பதிந்தோம். மலைக்குப் போக ரைஸ் மில்காரர் ஒருவர் தன் ஜீப்பைக் கொடுத்தார். அதில் இருந்தது புது டேப்பு. ஒரு பக்கம் முடிந்தால் தானாகவே மறுபக்கம் பாடும். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

வெள்ளிமலை சந்தை. புளி, கடுக்காய், பலா, சாமை எல்லாம் சாக்கு சாக்காக வந்திருந்த நாள். ஓடைக் கதைக்கு மலை ஜனம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சாக்கு மூட்டை மேல் சாய்ந்து சிரித்தார்கள். மாமா கும்பிட்டபடி ஒவ்வொருவரிடமும் பிள்ளைகளின் பேரைச் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தார். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். அப்போது ஜீப்பிலிருந்து என் குரல் கணீரென்று, "கள்ளக்குறிச்சி பெருமக்களே, ஒரு மலைக்காரன் கத கேளுங்க" என்றது.

ஓடினேன். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் சத்தம் கூடியதே தவிர நிற்கவில்லை. என் குரல்மேல் எனக்கே அவ்வளவு எரிச்சல் அதற்கு முன்னால் வந்ததில்லை. சந்தை அப்படியே அடங்கிவிட்டது. அப்போது புளி விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "நிறுத்தாத. முழுசும் ஓடட்டும்" என்றாள்.

முழுசும் ஓடியது. "நாளைக்கு வத்துனதும் போறேன்" என்று கேசட்டில் எங்கள் கடை முதலாளி சொன்ன இடத்தில் யாரோ ஒருவர் தன்னை மறந்து சிரித்து, பக்கத்திலிருந்தவர் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். மாமா தலைகுனிந்து நின்றார்.

புளிக்கார அம்மாதான் பேசினாள். கோபமாகக்கூட இல்லை.

"ஊசிக்காரரே, எங்களப் பத்தி கீழ சொன்னத நாங்க கேட்டுட்டோம். நல்லாத்தான் இருக்குது. அவுங்களப் பத்தி எங்ககிட்ட சொன்னீங்களே, அத அவுங்க கேட்டாங்களா?"

"இல்லம்மா" என்றார் மாமா.

"அப்ப போயி போடுங்க. எங்க எதுருலயே போடுங்க. கச்சிராயபாளையம் சந்தைக்கு நாங்க எறங்கி வர்றோம். அவுங்க சிரிக்கிறத நாங்களும் பாக்கணும் இல்லியா?"

"போடறம்மா" என்று மாமா ஒத்துக்கொண்டார். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

கீழே இறங்கும் வழியெல்லாம் நான் கத்தினேன். "உங்களுக்கு இன்னா பைத்தியமா மாமா? கீழதான் ஓட்டு ஜாஸ்தி. அவுங்க மொகத்துக்கு நேரா அவுங்கள நக்கல் பண்ணிட்டு எவன்கிட்ட ஓட்டு கேப்பீங்க? பாலம் வேணுமா வேணாமா?" ஜீப் டிரைவரும் ஒத்து ஊதினார், அதைப் போட்டால் ரைஸ் மில்காரர் வண்டியைத் திருப்பிக் கேட்பார் என்றார். மாமா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஓடை வந்தது. மழையில்லாத நாள், கணுக்கால் தண்ணீர்தான். ஜீப் இறங்கி ஏறியது.

"அவுங்க கேட்டது நியாயந்தானேம்மா" என்றார். "இத்தினி வருசமா அவுங்க வூட்டுல களி துன்னுட்டு, கீழ வந்து அவுங்கள வச்சி சிரிப்பு காட்டியிருக்கறேன். பாலத்துக்காவதான். இருந்தாலும் அவுங்க கேக்கறாங்க இல்ல." அதற்குமேல் அவரிடம் பேச முடியாது. அந்தப் பிடிவாதத்தோடு அக்கா எப்படித்தான் குடித்தனம் பண்ணினாளோ.

சொன்னபடி மலையிலிருந்து வந்துவிட்டார்கள். கச்சிராயபாளையம் சந்தையில் பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு கூட்டமாக நின்றார்கள். புளிக்கார அம்மா முன்னால். ஜீப் வரவில்லை, சொன்ன மாதிரியே ரைஸ் மில்காரர் பிடித்து வைத்துக்கொண்டார். ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி எங்கள் கடை டேப்பில் போட்டோம்.

முதலில் எல்லோரும் சிரிக்கத் தயாராகத்தான் இருந்தார்கள். ரோடு கதை என்று நினைத்து வந்து நின்ற முகங்கள். விருந்தாளி வேட்டியை மடித்துக்கொண்டு பயந்ததும் மலைக்காரர்கள் பக்கமிருந்து குபீரென்று சிரிப்பு வந்தது. அவ்வளவுதான், இந்தப் பக்கம் முகம் மாறிவிட்டது. உரக்கடைக்காரர் ஒருவர் வந்து, "எங்க ஊருல நின்னுக்கினு எங்களயே நக்கலா?" என்று ஒயரைப் பிடுங்கிவிட்டார். விருந்தாளி கரையில் கையைக் காட்டிக்கொண்டு நின்ற இடத்தில் கேசட் நின்றது.

புளிக்கார அம்மா என்னைப் பார்த்தாள். மாமாவும் பார்த்தார். எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ. மலைக்காரனை வைத்துச் சிரிக்கும்போது பல்லெல்லாம் தெரிந்தது, இப்போது மட்டும் ரோஷமா? ஆட்டோ மேல் கால் வைத்து ஏறினேன். மைக்கே வேண்டாம், என் தொண்டை போதும். விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்து, விருந்தாளியாகவும் மலைக்காரியாகவும் நானே பேசினேன். "கையக் காட்டிக்கினே இருக்கறேன், ஒரு தண்ணியும் நிக்க மாட்டேங்குது" என்று கையை நீட்டிக் காட்டினேன்.

பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் சிரித்தாள். டீக்கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். உரக்கடைக்காரர் சிரிக்கவில்லை. சந்தையில் பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு காய் வாங்கப் போனார்கள். மலைக்காரர்கள் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமாவைக் கும்பிட்டுவிட்டு மலைப் பஸ்ஸில் ஏறினார்கள்.

மாமா தோற்றார். கொஞ்சநஞ்சத் தோல்வியில்லை. கீழே அவருக்கு விழ வேண்டிய ஓட்டெல்லாம் லாரிக்காரருக்குப் போனது. மலைப் பெட்டிகளைப் பிரித்தபோதுதான் கூடத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பூட்டு சாவி, பூட்டு சாவி, மறுபடியும் பூட்டு சாவி. எதிராளிக்கு மலையில் ஓட்டு விழுந்ததே அபூர்வம். வெளியே வந்த மாமா அக்காவிடம், "மேல பூரா நமக்குதான்" என்றார். அக்கா, "பாலம்?" என்று கேட்டாள். அவர் செருப்பைத் தேடினார். நான் அன்றைக்கு அழுதேன். இந்த மனுஷனுக்கு யார் இப்படியெல்லாம் நியாயமாக இருக்கச் சொன்னார்கள் என்றுதான் எனக்கு அழுகை.

ஜெயித்தவருக்கு அந்த மலைப் பெட்டிகள் உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். மொத்த மலையும் சேர்ந்து தன்னை வேண்டாமென்றதை யாரால் தாங்க முடியும்? விசாரித்திருக்கிறார். ஊசிக்காரர் எதைக் கேட்டு நின்றார் என்று தெரிந்துகொண்டு, அலைந்து திரிந்து அந்த ஓடையில் பாலம் கட்டிவிட்டார். நல்ல பாலம், குறை சொல்ல முடியாது.

அடுத்த தேர்தலுக்கு அவருடைய ஆட்கள் எங்கள் கடைக்கு வந்தார்கள். மலைக்குக் கேசட் வேண்டும், பாலம் தந்த பெருமகன் என்று பேச வேண்டும், அந்தம்மா குரல்தான் வேண்டும். மலையில் என் குரலைத்தான் நம்புவார்களாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் மாமாவைத் தோற்கடித்தவருக்கு நான் பாலம் பாடவா? முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

யார் போய்ச் சொன்னார்களோ, மறுநாள் மாமா கடைக்கே வந்துவிட்டார். வெயிலில் நடந்து வந்த களைப்பு. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"இன்னாம்மா, பேச மாட்டேன்னியாமே?"

"மாட்டேன் மாமா. அது உங்க பாலம்."

"போன மழைக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஒரு பொண்ண ஜீப்புல ஏத்திக்கினு வந்தாங்க. ஆஸ்பத்திரில கொழந்த பொறந்துச்சி. பாத்துட்டு வந்தேன், ரெண்டு பேரும் நல்லாருக்கறாங்க" என்றார். "பாலம் யாருதா இருந்தா இன்னா? நல்லா சத்தமா சொல்லு."

நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அவர் விடவில்லை. "அந்தப் பெருமகன் கிருமகன்லாம் வேணாம். மலையில ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. நான் ஒண்ணு சொல்றேன், அத முடிவுல வச்சிக்க. மைக்கப் போடச் சொல்லு."

முதலாளி பதிவுப் பொத்தானை அமுக்கினார். மாமா என் பக்கத்தில் நின்று வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தார். நான் என் முழுத் தொண்டையில் பேசினேன்:

"மலைக்கு வராம பாதி வழியில நின்னுட்ட கீழ்நாட்டு விருந்தாளிங்களே, ஓடையில பாலம் வந்துடுச்சி. இனிமே கையக் காட்டிக்கினு நிக்க வேணாம். வராததுக்கு இனி உங்களுக்கு ஒரு சாக்கும் கெடையாது."