சேலையில் கொட்டிய தண்ணீர்

நடையை அளப்பது இப்போது என் தொழில். திருநெல்வேலியில் ஒரு கூடத்தில், தரையில் பதித்த தகட்டின் மேல் பெண்களை நடக்கவிட்டு, பாதம் எங்கே எவ்வளவு அழுந்துகிறது என்று கணினியில் பார்க்கிறேன். பொறுமை வேண்டிய வேலை. அதில் கால்வாசிப் பொறுமைகூட ஒன்பது வயதில் எனக்குக் கிடையாது.

தம்பி குறைமாதத்தில் பிறந்து பிழைத்ததற்காக, ஏரலில் இருந்து திருச்செந்தூருக்கு வெறுங்காலோடு நடந்து வருவதாக அம்மா நேர்ந்திருந்தாள். அவனுக்கு ஆறு மாதம் ஆனபோது தைப்பூசம் வந்தது, கிளம்பினோம். முன்னால் மாமா, அவர் பின்னால் பச்சை உடுத்திய கூட்டம், கடைசியில் முருகன் படம் கட்டிய லோடு வேன். தம்பி சித்தி மடியில் சொகுசாக வேனில் வந்தான். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைச் சுமக்கிற வேலை மட்டும் என் தலையில் விழுந்தது.

அம்மாவோ ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை. சாலையோரம் உடைமரப் புதர் தெரிந்தால் போதும், நின்றுவிடுவாள். ஆள் நடமாட்டத்தைப் பார்த்துவிட்டு மறுபடி நடப்பாள். கிழவிகள்கூட எங்களைத் தாண்டிப் போனார்கள். எனக்கு மானமே போயிற்று. கொஞ்சம் எட்டி வைத்தால்தான் என்ன என்று வழி நெடுக நச்சரித்தேன்.

குரும்பூரைத் தாண்டியதும் அவளுக்கு இருமல் வந்தது. இருமியவள் அப்படியே நின்றாள். பிறகு என் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி, மொத்தத் தண்ணீரையும் இடுப்புக்குக் கீழே சேலையில் கொட்டிக்கொண்டாள். வெயில் தாங்கவில்லையாம். தை மாதத்தில் அப்படி என்ன வெயில்? தோள் கன்றச் சுமந்தவள் நான். வந்த ஆத்திரத்தில் முன்னால் ஓடி, அம்மாவுக்குக் கால் பிரண்டுவிட்டது என்று மாமாவிடம் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். அவளை வேனில் ஏற்றினால் எனக்கும் இடம் கிடைக்குமே.

மாமா திரும்பி வந்தார்.

"ஏளா, பிள்ள சொல்லுதது நெசமா? வேன்ல ஏறினா நேர்ச்ச முறிஞ்சிரும். அடுத்த வருசம் முதல்ல இருந்து நடக்கணும். யோசிச்சுச் சொல்லு."

முதுகில் அடி விழப்போகிறது என்று நான் விறைத்து நின்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆமாண்ணே, பிரண்டுட்டு. நிக்க முடியல."

ஈரச் சேலையோடு வேனில் ஏறி, சாக்கை விரித்து மூலையில் உட்கார்ந்தாள். பாதி வழியில் நேர்ச்சையை விட்டவள் என்று சொந்தக்காரர்கள் வாய் ஓயாமல் பேசினார்கள். இல்லாத சுளுக்குக்கு ஒரு வாரம் தைலம் வேறு தேய்த்துக்கொண்டாள். மறு வருடம் முழுத் தூரமும் நடந்தாள். அப்போதும் தண்ணீர் குடிக்கவில்லை. என்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான் அன்று என் பொய்யை ஏற்றுக்கொண்டாள் என்று வெகுகாலம் உருகிப்போயிருந்தேன்.

போன மாதம், கூடத்துக்கு வரும் பெண்களிடம் கேட்க நான் எழுதிய கேள்விகள் புரிகிறதா என்று பார்க்க அம்மாவையே உட்காரவைத்தேன். பிரசவத்துக்குப் பிறகு, இருமும்போதோ நடக்கும்போதோ சிறுநீர் கசிந்ததுண்டா என்று கேட்டேன். அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இம்புட்டுப் படிச்சும் தெரியலையா? பெறகு எதுக்குட்டி அவ்வளவு தண்ணியையும் சேலையில கொட்டுனேன்?"