ஒசாகாவில் பால் காய்ச்சாத வீடு

மகளுக்கு ஜப்பானில், ஒசாகாவில் வேலை கிடைத்ததும், அங்கே ஒரு பழைய கொண்டோமினிய அடுக்குமாடி வீட்டை ஜொகூர் பாரு முகவர் மூலம் வாங்கினோம். வாசல் கிழக்குப் பார்த்தது. வீட்டு எண்ணுக்கும் கோயில் ஐயர் தலையாட்டிவிட்டார்.

"உள்ள ஆளு குடியிருக்காங்க அண்ணே, வாடகை உடனே வரும் லா," என்றார் முகவர். மகள் போகும்போது, இங்கே மலேசியாவில், எங்கள் பாசிர் கூடாங்கில் செய்வதுபோல இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தால் காலி செய்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

பால் காய்ச்சிக் குடியேற, என் மனைவி புதுப் பானையோடு என்னுடன் விமானம் ஏறினாள். குடியிருந்த மூதாட்டியோ நோட்டீஸ் கொடுத்தும் நகர மறுத்துவிட்டார். விருப்பமில்லாத வாடகைக்காரரை அந்நாட்டுச் சட்டம் லேசில் வெளியேற்ற விடாதாம். முகவரை போனில் பிடித்துக் கத்தினேன்.

"நீங்க வாசல் எந்தப் பக்கம்னுதானே கேட்டீங்க, அண்ணே?"

தெருவில் நின்று எங்கள் வீட்டுச் சன்னலை அண்ணாந்து பார்த்தோம். "நம்ம வீட்டுக்குள்ள போக நமக்கே வழியில்லையாங்க?" என்றாள் மனைவி.

இப்போது யார் வீடு வாங்கினாலும் நான் திசை விசாரிப்பதில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள், எப்போது போவார்கள் என்றுதான் கேட்கிறேன்.

பால் பொங்க வேண்டிய அந்தப் பானையில், மகள் தன் வாடகை அறையில் நூடல்ஸ் வேகவைக்கிறாள்.