சிலேட்டில் ஏறிய விலை

எழுதிப் பழகாத கை. படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. ஞாபகமும் முன்போல் இல்லை. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் மருமகள் ஏதோ விளையாட்டுப் பூங்காவுக்கு செல்போனில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். "போவமா வேணாமான்னு பேசிக்கிட்டு இருக்கையிலயே வெல ஏறிருச்சு அத்தை! ஞாயித்துக்கெழமை கூட்டம்ல, அதான்" என்றாள். எனக்குச் சட்டென்று சாக்பீஸ் தூளும் டீசல் புகையும் மூக்கில் ஏறின.

கல்யாணமான புதிதில் வில்லாபுரத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் டீசல் என்ஜின் வைத்த ராட்டினம் ஓட்டுகிறவர். சித்திரைத் திருவிழாவுக்கு வைகை மணலில் ராட்டினம் போடுவார்கள். பெண்டுகள் கூச்சப்படாமல் டிக்கெட் வாங்கட்டும் என்று ராட்டின முதலாளி என்னை டிக்கெட் கிழிக்க உட்கார வைத்தார். ஆளைக் கண்டாலே தலை குனிகிறவள் நான். நல்ல ஆளைப் பிடித்தார்! சிலேட்டில் விலை எழுதுவதும் என் வேலை. காலையில் நாற்பது பைசா. அப்புறம் முதலாளி வரிசையை எட்டிப் பார்ப்பார்.

"எம்புட்டுக் கூட்டம் பாரு! அழிச்சு எழுதும்மா, ஒரு ரூவா. தொட்டிலு எட்டுத்தான், ஆளு எட்டாயிரம்ல நிக்குது."

அழகர் ஆற்றில் இறங்கின அன்று உசிலம்பட்டியிலிருந்து அய்யாவோடு என் தங்கச்சி ஒச்சம்மா வந்திருந்தாள். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். "மேல போனா நாலு கோபுரமும் தெரியுமாமேக்கா" என்று வந்ததிலிருந்து அதே பேச்சு. அவளை என்னிடம் விட்டுவிட்டு அய்யா சாமி பார்க்கப் போனார். அவர் கொடுத்த ஐம்பது பைசாவை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். கூடப்பிறந்தவள் என்றாலும் ஓசியில் ஏற்ற முதலாளி விடமாட்டார். அவள் என் முன்னால் வந்து நின்றபோது சிலேட்டில் ஒரு ரூபாய். அழித்து எழுதினது நான்தான்.

"என்னக்கா, நான் நிக்க நிக்க என் காசு சின்னதாப் போச்சா?" என்று சிரித்தாள்.

"ஏறுனா ஏறு, இல்லாட்டி தள்ளும்மா" என்று பின்னாலிருந்து சத்தம்.

என் முந்தியில் ஒரு ரூபாய் முடிந்திருந்தது. அவிழ்த்திருக்கலாம். ஆனால் பொழுது மசங்கினால் கூட்டம் கரையும், விலை இறங்கும் என்று தினமும் எழுதுகிற எனக்குத் தெரியாதா? பெரிய கெட்டிக்காரி. "செத்தப் பொறுடி. கொறைஞ்சதும் மொத ஆளா உன்னய ஏத்துறேன்" என்றேன்.

மணலில் ஓரமாக உட்கார்ந்து அண்ணாந்து தொட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய அய்யா வந்துவிட்டார்.

"எந்திரி ஒச்சம்மா. கடைசி பஸ்ஸு போயிரும்."

"அடுத்த வருசம் வாரேங்க்கா" என்று அந்த ஐம்பது பைசாவை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனாள். அரை மணி நேரம் இருக்காது. "நாப்பதே எழுதும்மா" என்றார் முதலாளி.

அடுத்த சித்திரை வருவதற்குள், பங்குனியில், தலைப்பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை.

மருமகளிடம், "ஏறுனா ஏறட்டும், இன்னிக்கே போட்டுரு தாயி" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அந்த மணல் இப்போது இல்லை. ராட்டினத்தை எடைக்குப் போட்டுவிட்டதாகக் கேள்வி. அய்யாவும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. அதனால் கேட்க ஆளில்லை. நான் சொன்ன விலையெல்லாம் முன்னே பின்னே இருக்கும், தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் உசிலம்பட்டிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அய்யா எதற்கும் அவசரப்படுகிறவர். அதற்குப் பின்னால் இன்னொரு பஸ் இருந்ததோ என்னவோ.