முனியாண்டியிடம் ஏற்றுமதி கேட்ட கதை

1997, ஜூலை: தாய்லாந்தின் நாணயம் சரிந்தது. தொடர்ந்து எங்கள் நாட்டு நாணயமான ரிங்கிட்டும் சரியத் தொடங்கியது.

1998, பிப்ரவரி: ஆயர் குரோ தொழிற்பேட்டையில் மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று, தன் பெண் தொழிலாளர்களில் பலரை வீட்டுக்கு அனுப்பியது. என் அக்கா அவர்களில் ஒருத்தி. நிலைமை சீரானதும் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

1998, செப்டம்பர்: ஓர் அமெரிக்க டாலருக்கு மூன்று வெள்ளி எண்பது காசு என்று ரிங்கிட்டின் மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது. அந்த மாதக் கடைசியில், ஆயுத பூஜையன்று, அதே தொழிற்சாலைக்குப் புதிய இயந்திரம் ஒன்று வந்து சேர்ந்தது.

அதே ஆண்டு, தீபாவளி கழிந்த பின்: அக்கா ஜொகூர் பாருவுக்குப் போனாள்.

இதற்கு மேல் எதையும் சேர்க்காமல் விட்டுவிடலாம். ஆனால் இந்தப் பதிவில் ஒரு செய்தி விடுபட்டிருக்கிறது. அந்த ஆண்டு முழுவதும் நான் அளவில்லாத உற்சாகத்தில் இருந்தேன். எனக்குப் பதினொரு வயது. ஒரு நாடு தலை நிமிர்வதை நேரில் பார்த்துக்கொண்டிருப்பதாக உறுதியாக நம்பினேன்.

அந்த நம்பிக்கையை ஊட்டியவர் மாமா. அம்மாவின் தம்பி. கிள்ளான் துறைமுகத்துக்கும் ஆயர் குரோவுக்கும் இடையே டிரெய்லர் லாரி ஓட்டியவர். ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறி நாங்கள் குடியேறிய, தாமான் என்னும் புதுக் குடியிருப்பில் இருந்த வீட்டுக்கு வாரம் ஒருமுறையாவது சாப்பிட வருவார். வந்தால் உலகப் பொருளாதாரமும் கூடவே வந்து மேசையில் உட்கார்ந்துகொள்ளும்.

“ரிங்கிட் விழுந்தது நமக்கு நல்லதுலா மச்சான்,” என்றார் ஒரு நாள், ரசச் சோற்றைப் பிசைந்தபடி. “இப்ப வெளிநாட்டுக்காரனுக்கு நம்ம சாமான் எல்லாம் சீப். ஆர்டர் மேல ஆர்டர் குடுப்பான். அத்தனையும் செஞ்சு அனுப்ப ஆளு வேணும்ல? நம்ம புள்ளைய கூப்பிடாம எங்க போவானுங்க?”

அப்பா தோட்டத்தில் மரம் சீவியவர். தோட்டம் அழிந்து வீடுகளான பிறகு சாலையோரங்களில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் தலையை உயர்த்தவில்லை.

“ரப்பரும் ஏத்துமதிதான் மாப்ள. கப்பல் கப்பலா போச்சு. நாம எங்க இருக்கோம்?”

“அட, அது வெள்ளக்காரன் காலம் மச்சான். இது கம்ப்யூட்டர் காலம்லா!”

“சரிப்பா. சாமான் போகட்டும். கூப்பிடட்டும். அப்புறம் பேசுவோம்.”

பேச்சு அத்தோடு நின்றதற்குக் காரணம் இருந்தது. தீபாவளிக்குள் தொழிற்சாலை கூப்பிடாவிட்டால், நாட்டின் தென்கோடி ஊரான ஜொகூர் பாருவில் தோழி ஒருத்தி தங்கியிருந்த விடுதிக்குப் போய் அங்கேயே வேலை தேடிக்கொள்வதென்று அக்கா தீர்மானித்திருந்தாள். அப்பாவும் அரை மனத்தோடு தலையசைத்திருந்தார். அக்கா இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவே மறுத்தேன். நினைக்க வேண்டிய தேவையும் இல்லை. மாமாதான் சொல்லிவிட்டாரே, ஆர்டர் வரும் என்று.

தொழிற்சாலையில் அக்காவின் வேலை பார்ப்பது. அதை அவள் அப்படித்தான் சொல்வாள்: “நான் பாக்குற வேல பாக்குறேன்.” விரல் நகம் அளவுள்ள மின்சுற்றுப் பலகைகளைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியின் கீழே வைத்து, பிசகு உள்ளதை ஒதுக்குவாள். அந்தக் கண்ணை வீட்டுக்கும் கொண்டு வந்துவிடுவாள். பருப்பில் கல் தப்பாது. என் கணக்குப் புத்தகத்தை எட்ட நின்றே பார்த்து, “மூணாவது தப்பு,” என்பாள். வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதே, “தலையில பேன் ஊருது, இங்க வா,” என்று பிடித்து உட்கார வைத்துவிடுவாள். கண் இருக்கிறவரைக்கும் தனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை என்று சிரிப்பாள்.

வீட்டில் இருந்த அந்த மாதங்களில், மாலை தோறும் என்னை அழைத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குத் திரும்பும் முனைக்கு வருவாள். லாரி பார்ப்பதற்காக. கொள்கலனின் கதவு பூட்டியிருந்தாலும் உள்ளே சரக்கு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் வழியை மாமா சொல்லித் தந்திருந்தார். டயரைப் பார்க்க வேண்டும். அடியில் நசுங்கிப் பிதுங்கியிருந்தால் பாரம். உருண்டையாகத் துள்ளிக்கொண்டு போனால் காலி. தொழிற்பேட்டையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு லாரிக்கும் நான் தீர்ப்புச் சொல்வேன்.

“பாரம்!”

“சரியா பாருடா. பின் டயர பாரு.”

“பாரம்தான்க்கா! நல்ல பாரம்!”

ஆண்டின் தொடக்கத்தில் காலி லாரிகளே அதிகம். பிறகு, ஏதோ அணையின் மதகைத் திறந்துவிட்டதைப் போல, பாரங்கள் வரத் தொடங்கின. செப்டம்பரில் நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டி வீடு திரும்பினேன். ஏற்றுமதி என்ற சொல் எனக்கு ஒரு காற்பந்துக் குழுவின் பெயரைப் போல ஆகிவிட்டது. அது ஜெயித்துக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜையன்று பள்ளி விட்டு வந்தபோது தாமான் முழுவதும் செய்தி பரவியிருந்தது. மாமா தம் லாரியை முனியாண்டி கோயில் முன் நிறுத்தியிருக்கிறார். லாரியில் இருப்பது அக்காவின் தொழிற்சாலைக்குப் போகும் புது மெஷின்!

பையை எறிந்துவிட்டு ஓடினேன். பழைய தோட்டத்தின் எல்லையில், சாலையை ஒட்டி இருக்கும் கோயில் அது. ஆயுத பூஜைக்கு லாரிகளும் பேருந்துகளும் அங்கே வந்து பொட்டு வைத்துக்கொண்டு போவது வழக்கம். அன்று மாமாவின் திறந்த டிரெய்லரில், வீட்டு அறை அளவுக்கு ஒரு மரப்பெட்டி, தார்ப்பாயால் போர்த்திக் கயிற்றால் இறுக்கப்பட்டு நின்றது. அப்பாவும் அம்மாவும் அக்காவும் முன்பே வந்திருந்தார்கள். அக்காவோடு வேலை இழந்த பெண்கள் சிலரும் பூவும் பழமுமாக வந்திருந்தார்கள். அவர்கள் முகங்களில் கல்யாண வீட்டுக் களை.

“பாத்தீங்களா மச்சான்?” மாமா பெட்டியைத் தட்டினார். “ஆளைக் கூப்பிடாதவன் மெஷின் வாங்குவானா? மெஷின் என்ன தானா ஓடுமா?”

அப்பா அன்று முதல் முறையாக மறுத்துப் பேசவில்லை. சிரிக்கக்கூடச் செய்தார்.

“எந்த செக்‌ஷனுக்குன்னு சொன்னாங்களா மாமா?” என்று அக்கா கேட்டாள்.

“சொன்னான்லா போர்ட் ஆபீஸ்ல கணக்கு எழுதுற அந்த கிராணி. இன்ஸ்பெக்‌ஷனுக்காம்! ஒன் செக்‌ஷன்தானே? கேமரா எல்லாம் வெச்ச மெஷினாம்.”

பெண்கள் கூச்சலிட்டார்கள். ஒருத்தி அக்காவின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். அக்கா பெட்டியைப் பார்த்தாள். பலகையைக் கண்ணாடியின் கீழே வைத்துப் பார்ப்பது போன்ற பார்வை.

“ஆமாங்க மாமா,” என்றாள். “என் செக்‌ஷன்தான்.”

பிறகு சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு டிரெய்லரின் மேல் ஏறினாள். தார்ப்பாயை ஓரமாக விலக்கி, பெட்டியின் மரத்தில் நிதானமாக மூன்று கோடு இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். கீழே இருந்து யாரோ சீக்கிரம் என்றார்கள். அவள் அவசரப்படவில்லை. கோடு கோணியிருந்த ஓர் இடத்தைத் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள்.

பூசாரி என்னைப் பார்த்தார். “எல்லாரும் வேண்டிக்கிட்டாச்சு. நீ என்னடா வேண்டப் போற?”

எனக்குச் சந்தேகமே இல்லை. கையைத் தலைக்கு மேல் கூப்பிக் கத்தினேன்.

“சாமீ! ஏற்றுமதி கூடணும்! கூடுச்சுன்னா ஒரு பெட்டி சுருட்டு வாங்கி வெக்கிறேன்!”

கூட்டம் சிரிப்பில் குலுங்கியது.

“டேய், முனியாண்டிக்குச் சுருட்டுதான்டா தெரியும். ஏற்றுமதி எங்க தெரியும்?”

“அந்தச் சுருட்டே வெளியூர்லருந்துதான் வருது பூசாரி,” என்றார் மாமா. “இறக்குமதி தெரிஞ்ச சாமிக்கு ஏற்றுமதி தெரியாதாலா?”

அக்காவும் சிரித்தாள். கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள். தேங்காயை அவளிடம்தான் கொடுத்தார்கள். ஒரே வீச்சில் சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்று எல்லாரும் சொன்னார்கள். டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்த பிறகு மாமா என்னை லாரிக்குள் தூக்கி உட்கார வைத்தார். லாரி நகர, எலுமிச்சைகள் நசுங்க, நான் ஹாரன் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அந்தச் சத்தத்தில் கோயில் மரத்துப் பறவைகள் மொத்தமாக எழும்பின. தொழிற்சாலை வாசல் வரைக்கும் நான் ஹாரனை விடவில்லை. அதற்குப் பிறகு பல பட்டமளிப்பு மேடைகளில் ஏறியிருக்கிறேன். அந்த லாரியின் உயரம் எதற்கும் இல்லை.

முனியாண்டி என்னைக் கைவிடவில்லை. தீபாவளி நெருங்க நெருங்க லாரிகள் பெருகின. மாமாவுக்குத் தூங்க நேரமில்லை. கோயிலைக் கடக்கும்போதெல்லாம் எங்களுக்குக் கேட்கும்படி ஹாரன் அடிப்பார். நான் முனையில் நின்று பாரம், பாரம் என்று கத்துவேன். அக்கா முன்போல வருவதில்லை. வீட்டில் தன் பயணப் பெட்டிக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள்.

தொழிற்சாலை சிலரைக் கூப்பிடவும் செய்தது. பாலிடெக்னிக் படித்த இளைஞன் ஒருவனைப் புது மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பெட்டிகளை அடுக்க இரண்டு ஆண்களை எடுத்தார்கள். உள்ளே வேலையில் தொடர்ந்த பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் வந்து சொன்னாள்: “கண்ணு சிமிட்டாமப் பாக்குதுடி அது. டீ குடிக்கக்கூட எந்திரிக்காது.” இருவரும் சிரித்தார்கள். நான் வீட்டுப் பாடத்தில் தப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அக்கா புறப்பட்ட நாளில் மாமாவுக்குப் பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு ஓட்டம் விழுந்தது. ஜொகூர் பாரு வழிதான். விதியின் சிக்கனம் என்று சொல்ல வேண்டும்: லாரியில் இருந்தது அக்காவின் தொழிற்சாலைச் சரக்கு. பஸ்ஸுக்கு எதற்கு வீண் செலவு என்று அவளையும் ஏற்றிக்கொண்டார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே மாமா அவள் பெட்டியை வாங்கிக் காலடியில் வைத்தார். அப்பாவும் ரப்பரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

நான் அழுதுகொண்டுதான் நின்றேன். ஆனால் பழக்கம் விடவில்லை. கண் தானாகப் பின் டயருக்குப் போனது. அப்படி நசுங்கிய டயரை நான் அதுவரை பார்த்ததில்லை.

“அக்கா! பாரம்! செம பாரம்!”

அக்கா ஜன்னல் வழியாகக் குனிந்து என் தலையில் கை வைத்தாள். பேன் இருக்கிறதா என்று பார்க்கிறாள் என நினைத்தேன்.

“நீ வேண்டிக்கிட்டது அப்படியே நடந்துடுச்சு பாத்தியா?” என்றாள். “பெரிய ஆளுடா நீ.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அழுகையை நிறுத்திவிட்டு லாரியின் பின்னாலேயே முனை வரைக்கும் ஓடினேன். ஏற்றுமதி பெருகினால் போன வேலைகள் திரும்பி வருமா என்பதை வைத்து வகுப்பறைகளில் பேசிப் பேசியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. எந்தெந்த நாட்டில் வந்தது, எங்கே வரவில்லை, ஏன் என்பதெல்லாம் என்னால் விளக்க முடியும். தனக்குப் பதிலாக வந்த ஒன்றுக்கு, கோணிய கோட்டைத் துடைத்துத் திருத்தி அவள் பொட்டு வைத்ததுதான் அந்தச் சிறுவனுக்குப் புரியவில்லை. அவன் கோயில் மரத்தடியில் நின்று, நாடு பிழைத்துக்கொண்டது என்று கை தட்டிக்கொண்டிருந்தான்.

அக்கா இறந்துபோய் இப்போது நான்கு மாதம் ஆகிறது. செய்யாமல் இருப்பவை:

ஜொகூர் பாரு கடையில் அவள் செய்யக் கொடுத்திருந்த மூக்குக்கண்ணாடியை வாங்கி வருவது.

மாமாவிடம் சொல்வது. அவருக்கு இப்போது நினைவு நிற்பதில்லை. பார்க்கும்போதெல்லாம் “புள்ளைய கூப்பிட்டாங்களா?” என்று கேட்கிறார்.

அவளுடைய தையல் மெஷினை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பது.

முனியாண்டிக்கு ஒரு பெட்டி சுருட்டு.