தொப்பூர் வளைவில் இறங்கிய இரண்டு பிளசர்

அட, அது புது டயருன்னு நீ சொல்லித்தானா எனக்குத் தெரியணும்? எதுத்த வூட்டுக்காரி காலையில இருந்து அவ வூட்டுக் காரச் சுத்திச் சுத்தி வர்றா. வரட்டும். நீ உக்காரு புள்ள, இந்த மொச்சைய உரிச்சுக்கிட்டே பேசலாம். புது டயருன்னாலே எனக்கு எங்க ஓரகத்தி ஞாபகந்தான். எங்க வூட்டுக்காரரோட அண்ணன், எங்க மூத்தாரு, அவரு பொண்டாட்டி. இருக்கா, இருக்கா, இன்னும் கெட்டியாத்தான் இருக்கா. என்னைவிடப் பெரியவ, ஆனா பல்லு என்னைவிட அவளுக்கு அதிகம். அதுவும் எனக்கு வயித்தெரிச்சல்தான்.

அப்ப வெள்ளக்காரன் காலம், ஒலகச் சண்டை வர்றதுக்கு முந்தி. காருன்னு சொல்ல மாட்டோம், பிளசருன்னுதான் சொல்லுவோம். எங்க பக்கத்துல வாடகைப் பிளசரு ரெண்டே ரெண்டுதான். ஒன்னு மூத்தாரு ஓட்டறது, இன்னொன்னு எங்க வூட்டுக்காரரு ஓட்டறது. ரெண்டும் ஒரே வாசல்ல நிக்கும். கல்யாணமோ, கோர்ட்டோ, பிரசவமோ, அண்ணந்தம்பிகிட்டதான் வந்து நிக்கணும். ஊரு கண்ணுக்கு நாங்க பெரிய ஆளுங்க. எங்கண்ணுக்கு அவ பெரிய ஆளு. ஏன்னா அவ அப்பன் வூட்டுச் சீரா, சேலத்துல இருந்து நாலு புது டயரு வந்து எறங்குச்சு. பட்டன் ஒவ்வொன்னும் பணியாரம் மாதிரி. பட்டன்னா, டயரு மேல மேடு மேடா இருக்குமே, அதுதான். தெருப் பொம்பளைங்க எல்லாம் வந்து மோந்து பாத்துட்டுப் போனாங்க. நானும் மோந்து பாத்தேன், யாரும் இல்லாதப்ப. நல்ல வாசந்தான். அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல.

அந்த நேரம் பாத்து மிட்டாதாரு வூட்டுல இருந்து ஆளு வந்துச்சு. மிட்டாதாருன்னா சுத்துப்பட்டு நெலமெல்லாம் அவருதுதான். அவங்கம்மாவுக்கு, ஊரே பெரியம்மான்னு கூப்புடும், ஒடம்பு சரியில்ல, வாரா வாரம் சேலம் டாக்டர்கிட்டப் போகணும். தொப்பூர் எறக்கத்துலதான் வம்பு. வளைவுக்கு வளைவு அந்தம்மா வாந்தி எடுக்குது. "ரெண்டு காரும் ஒரே நாள் வரட்டும். எறங்கறப்ப அண்ணன் கார்ல, ஏறறப்பத் தம்பி கார்ல உக்காந்து பாக்கறேன். எது என் வயித்தப் பெரட்டலியோ, வாரா வாரம் அதுதான்"னு சொல்லி அனுப்பிச்சு. கூடவே, தொணைக்குப் பொம்பள வேணும், கார்க்காரங்க வூட்டுப் பொம்பளையே வரட்டும்னு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு பாரு. கல்யாணமாகி வந்ததுல இருந்து அந்தக் கார நான் கழுவுனேன், தொடைச்சேன், பொட்டு வெச்சேன். ஏறுனதில்ல. எங்க கார் ஜெயிச்சா வாரா வாரம் நான் சேலம்! அதுக்கு டயரு வேணுமே. எங்க வூட்டு உத்தரத்துல ரெண்டு புது டயரு தொங்குது, என்னைக்காவது ஆகும்னு வாங்கி வெச்சது.

"ஏனுங்க, அதுங்களை எறக்கி மாட்டலாமில்ல?"ன்னேன்.

"ரெண்டு புதுசு ரெண்டு பழசுன்னா, மாடு ஒன்னு எரும ஒன்னு பூட்டுன மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். நாலும் ஒன்னுபோலத் தேஞ்சிருக்கோணும்"ன்னாரு.

"தேஞ்சத மாட்டிக்கிட்டுப் போனா ஊரே சிரிக்கும். உங்க அண்ணி மொதல்ல சிரிப்பா."

"சிரிக்கட்டும். பட்டன் ஒசரமா இருந்தா வளைவுல அது மடங்கும், காரு ஆடும். மழைக்கு ஒசரம் நல்லது. காஞ்ச ரோட்டுல வளைஞ்சு வளைஞ்சு எறங்கறதுக்குப் பாதி தேஞ்சதுதான் தரையக் கவ்வும். நீயே சொல்லு, புதுச் செருப்பு வழுக்குதா, பழைய செருப்பு வழுக்குதா?"

"எனக்கு எந்தச் செருப்ப வாங்கிக் குடுத்தீங்க, வழுக்குதா இல்லையான்னு சொல்றதுக்கு?"

எந்திரிச்சுக் கொட்டாய்க்குப் போனாரு. உத்தரத்து டயர எறக்கல. கெடந்த பழசுல தேடித் தேடி, ஒன்னுபோலத் தேஞ்ச நாலப் பொறுக்கி மாட்டுனாரு. காத்தையும் கொஞ்சம் கொறைச்சாரு. எறக்கத்துல சூடேறுனா அதுவே உப்பிக்குமாம். உள்ளங்கைய வெச்சு ஒவ்வொன்னையும் தொட்டுத் தொட்டுப் பாப்பாரு. எம்புள்ளைக்குக் காச்சல் வந்தப்பக்கூட அந்த மனுசன் அப்படித் தொட்டுப் பாக்கல. டயரு மேலயும் எனக்குப் பொறாமைன்னா சிரிக்கிற. சிரி, சிரி.

அந்த நாளும் வந்துச்சு. முன்னாடி மூத்தாரு காரு. அதுல பெரியம்மா, மடி குடுக்க எங்க ஓரகத்தி, முன் சீட்டுல மிட்டாதாரோட கணக்குப்பிள்ளை. பின்னாடி காலியா எங்க காரு, அதுல மகாராணி மாதிரி நான். எறக்கத்துக்கு முன்னாடி முனியப்பன் கோயில்ல யாரா இருந்தாலும் நிறுத்தித்தான் ஆகணும். ஆம்பளைங்க தேங்கா ஒடைக்கறதுக்குப் போயிட்டாங்க. பெரியம்மா கண்ண மூடிக் கும்பிடுது. எங்க ஓரகத்தி, வெளக்குக்குன்னு கொண்டுவந்த வெளக்கெண்ணெய, சாமிக்குக் கொஞ்சம் ஊத்திட்டு, மிச்சத்த அந்தப் புது டயருக்கு வழிச்சு வழிச்சுப் பூசறா. நம்ம பக்கத்துல புதுச் சட்டிக்கு எண்ணெ தடவித்தானே அடுப்புல ஏத்துவோம், புதுசா வந்த கன்னுக்குட்டிக்கும் எண்ணெ வெப்போம். அந்த மொறைதான். கருகருன்னு மின்னுச்சு பாரு, எனக்குப் பொறுக்கல.

"அக்கா, எனக்கும் ஒரு சொட்டுக் குடேன், எங்க டயருக்கும் வெக்கறேன்"னேன்.

"மொட்டை டயருக்கு எதுக்குடி எண்ணெ? மொட்டைத் தலைக்கு யாராவது சீவிப் பூ வெப்பாங்களா?"ன்னு கிண்ணத்தக் கவுத்துக் காட்டுனா. ஒரு சொட்டு இல்ல. எனக்கு அழுகையே வந்திருச்சு.

எறங்க ஆரம்பிச்சோம். மொத வளைவு போச்சு. ரெண்டாவது வளைவுல, எங்க கண்ணு முன்னாடியே மூத்தாரு காரு சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கிட்டுப் போயி, மலைப்பக்கத்து மண்மேட்டுல சாஞ்சு நின்னுச்சு. நல்லவேளை இந்தப் பக்கம் வழுக்குச்சு, அந்தப் பக்கம்னா பள்ளம். முனியப்பன் புண்ணியம், யாருக்கும் ஒன்னுமில்ல. ஆனா பெரியம்மா எடுத்த வாந்தி, அய்யோ. எங்க வூட்டுக்காரரு அதே வளைவுல கார அலுங்காம கொண்டுபோயி நிறுத்துனாரு. எறங்கி, அண்ணன் டயரத் தடவி, வெரல மோந்து பாத்தாரு.

"அண்ணா, இது என்ன வெளக்கெண்ணெ வாசம்?"

மூத்தாரு பொண்டாட்டியப் பாத்தாரு. அவ வானத்தப் பாத்தா. எனக்கு வயித்துல பால வாத்த மாதிரி இருந்துச்சு. அந்த ஒரு சொட்டு எனக்குக் குடுத்திருந்தா நானும் அந்த மேட்டுலதான் சாஞ்சிருப்பேன்னு அப்பத் தோணல, இப்பத்தான் தோணுது.

பெரியம்மா வாயத் தொடைச்சுக்கிட்டு, "அந்தத் தேஞ்ச டயரு காரே போதும்டா சாமி, இனி எப்பவும் அதுதான்"னு சொல்லிக்கிட்டு எங்க காருக்கு வந்துச்சு. நான் கதவத் தொறந்து, மடிய சரிபண்ணி, தயாரா உக்காந்திருக்கேன். அந்தம்மா என்னைப் பாத்து, "நீ எறங்கிக்க புள்ள. அவ வரட்டும். வாந்தி எடுத்தப்ப மொகஞ்சுளிக்காம தலையப் புடிச்சா, அவ கை பதமா இருக்குது. நான் படுத்துக்கோணும், மூணு பேருக்கு எடம் பத்தாது"ங்குது.

முன் சீட்டுல கணக்குப்பிள்ளை போயி ஏறிக்கிட்டாரு. நான் எங்க வூட்டுக்காரரப் பாத்தேன். அவரு குனிஞ்சு டயரத் தொட்டுப் பாத்துக்கிட்டிருந்தாரு.

காரு எங்களுது. டயரு எங்களுது. ஜெயிச்சதும் நாங்கதான். ஏறிப் போனது அவ! நான் அந்த வளைவுல, மண்மேட்டுல சாஞ்ச காரோட, பேசவே பேசாத மூத்தாரோட, பொழுதுக்கும் நின்னேன். அப்புறம் வாரா வாரம் அவதான். தலை நெறையச் சேலத்துப் பூவோட வந்து எறங்கி, "அடியே, ரெண்டாவது வளைவுல என்ன காத்துங்கற"ம்பா.

அப்புறம் அந்த ஒலகச் சண்டை வந்துச்சு, பெட்ரோலும் இல்ல, டயரும் இல்ல, ரெண்டு காரும் கொட்டாயில படுத்துக்கிச்சு. ஒருநாள் எங்க வூட்டுக்காரரு அந்தத் தேஞ்ச டயர அறுத்து எனக்கு ஒரு சோடி செருப்பு தெச்சுக் குடுத்தாரு. நல்லாத்தான் இருந்துச்சு, வழுக்கவே இல்ல. சந்தோசமாப் போட்டுக்கிட்டு வாசலுக்கு வந்தா, அவளும் ஒரு சோடி போட்டுக்கிட்டு நிக்கறா. புது டயர்ல வெட்டுனது. பட்டனோட!

ஏய், ஏய்! ஆடு மொச்சையில வாய வெக்குது பாரு! அந்தக் கம்ப எடு புள்ள, அத முடுக்கு, நான் மொறத்தத் தூக்கி உள்ள வெச்சுட்டு வர்றேன்.