ரிஹானா கடை முகப்புக் கல்

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் எங்கள் மளிகைக்கு எதிரே இருக்கிற ஜவுளிக்கடை ரிஹானாவுடையது. மணலூர்பேட்டையிலிருந்து மருமகளாக வந்தவர். கணவர் இறந்தபின் ஒற்றை ஆளாகக் கடையை நடத்துகிறார். வியாபாரத்தில் கறார், பேச்சில் அதைவிடக் கறார். அவருக்கு ஒரே பெருமை, மாமனார் காலத்தில் மாடிச் சுவர் முழுக்கப் பதித்த கருங்கல் பலகைகள். ஒவ்வொன்றையும் பின்னாலிருந்து இரும்புக் கொக்கிகள் பிடித்துக்கொண்டிருந்தன. வருஷா வருஷம் ரம்ஜானுக்கு முன்னால் ஆசிட் ஊற்றித் தேய்க்கச் சொல்வார். தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். கல் பளபளக்கும். இடுக்கில் இறங்கிய ஆசிட் உள்ளே என்ன செய்யும் என்று யாராவது யோசித்தோமா? எங்களுக்கும் அந்தப் பளபளப்புதான் பிடித்திருந்தது.

கடை வாசலில் பூ விற்கும் கமலாவுக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. "படியெல்லாம் பூத்தண்ணி" என்று ரிஹானா தினமும் விரட்டுவார். கமலா காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டார்.

இந்த வருஷம் கல்லைக் கழுவ ஏறிய அம்மாசி, சாரத்திலிருந்து பாதியிலேயே இறங்கி வந்தார்.

"கல்லு ஆடுதும்மா. இடுக்குல துருவா கொட்டுது. உள்ள கொக்கியே இல்ல போலக்கீது."

ரிஹானா வெளியே ஓடினார். துணி எடுக்க வந்த கூட்டத்தைக் கத்தித் துரத்தினார். எல்லோரும் ஓடினார்கள். கமலா மட்டும் அசையவில்லை.

"கமலாக்கா, எழுந்துரு. கல்லு வுழப்போவுது!"

"இன்னாம்மா, இன்னைக்கிப் புதுசா கதை வுடற? நான் போவமாட்டேன்."

மேலே ஏதோ கிறீச்சிட்டது. ரிஹானா அதற்குமேல் கெஞ்சவில்லை. நேரே போய்க் கமலாவின் பக்கத்தில், அந்தக் கல்லுக்கு நேர் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"நீ எழுந்தாதான் நானும் எழுந்துப்பேன்."

கமலா அவர் முகத்தைப் பார்த்தார். அடுத்த நொடி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார். பின்னாலேயே பலகை பூக்கூடை மேல் விழுந்து நொறுங்கியது.

புழுதி அடங்கியதும் போய்ப் பார்த்தோம். உடைந்த கல்லில் ஒட்டிக்கொண்டிருந்த கொக்கி ஈர்க்குச்சியாய்த் தேய்ந்திருந்தது.

கமலா ரிஹானாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "வூட்ல புள்ளைங்கள வெச்சிக்கினு நீ ஏம்மா அங்க வந்து குந்தின?" என்று திட்டினார்.

ரிஹானா அழுதுகொண்டிருந்தார். "இத்தினி வருஷமா உன்ன வெரட்டிக்கினே இருந்தேன். எழுந்துருன்னு நான் சொன்னா நீ வேற எப்படிக்கா நம்புவ?"