கழுவுதல் என்னும் சொல்லும் என் மகளின் கைகளும்

மதிப்பிற்குரிய அகராதிக் குழு ஐயா, அம்மையீர்,

‘கழுவுதல்’ என்றால் நீரால் தூய்மை செய்தல் என்று மட்டும் பொருள் கூறுவோர், என் மனைவியோடு ஒருநாளும் வாழாதவர்கள். எங்கள் வீட்டில் பாத்திரங்களைவிட நான்தான் அதிகம் கழுவி ஊற்றப்படுகிறேன். குழந்தைக்கு எந்த இடத்தைக் கழுவினாலும் ‘கால் கழுவி விட்டேன்’ என்றே சொல்லுகிறோம். அது நம் நாகரிகம். வென்றபின் தொகுதியைக் கை கழுவுவோரும் உண்டு. அதை நாகரிகம் என்பதற்கில்லை.

என் மகள் பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துபவள். அலுமினியப் பவுடர் ஏறி, அவள் கைகள் முழங்கை வரை வெள்ளிபோல் மின்னும். தாயில்பட்டியிலிருந்து கம்பெனி வேனில் வரும் பையன் ஒருவனை அவளுக்குப் பிடித்துவிட்டது. அவன் வீட்டார் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். இது அமையாவிட்டால் வேறு பேச்சே வேண்டாம் என்று மகள் தாயிடம் கூறிவிட்டாள்.

மருந்துக் கையோடு சபையில் நிற்பதாவது என்று, தேங்காயெண்ணெய், எலுமிச்சை, சீயக்காய், கடைசியில் பாத்திரம் தேய்க்கும் நார் வரை கொண்டு மகளின் கைகளை மனைவி தேய்த்தாள். குடிதண்ணீரும் தீர்ந்தது. கைகள் வங்கி அதிகாரியின் கைகள்போல் ஆயின.

பெண் பார்க்க வந்து காப்பியை வாங்கிய பையனின் தாயார் அந்தக் கைகளைப் பார்த்தார். அவரும் பட்டாசு வேலை செய்பவர். அவர் நகக்கண்களில் வெள்ளி மின்னியது.

“வேலைக்குப் போற பிள்ளைன்னு சொன்னீக. இது வீட்ல உக்காந்து டிவி பாக்குற கையால்ல இருக்கு.”

நான் விளக்கத் தொடங்கினேன், கேட்பாரில்லை. ‘எங்க கம்பெனிதாம்மா’ என்ற பையனையும், பெண்ணுக்காகப் பேசுகிறான் என்று அவர் நம்பவில்லை. பொய் சொல்லும் குடும்பம் என்று முடிவு கட்டி, அவர் பையனை எழுந்திருக்கச் சொன்னார். எங்களைக் கை கழுவ அவருக்குத் தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை.

மகள் நகரவில்லை. தலையைச் சாய்த்து முடியை ஒதுக்கினாள்.

“காதுக்குப் பின்னால பாருங்க அத்தை. அங்கன எங்கம்மா விட்டுட்டாக.”

அங்கே நாணயம் அளவுக்கு வெள்ளி ஒட்டியிருந்தது. அந்த அம்மாள் விரலால் தேய்த்தார், போகவில்லை. முகர்ந்தும் பார்த்தார். பிறகு என் மனைவியிடம் திரும்பினார்.

“ஏன் மதினி, இதப் போயி எதுக்குக் கழுவுனீக? திங்கக்கிழமை மறுபடி ஒட்டத்தான போகுது.”

பையன் உட்கார்ந்தான். அவர் ஆறிய காப்பியைக் குடித்து முடித்தார். வைகாசியில் திருமணம் நடந்தது.

அன்று கழுவச் சொன்னது நான்தான் என்று என் மனைவி உறவினரிடமெல்லாம் இன்றும் கூறி வருகிறாள். அது உண்மையன்று. ஆகவே இக்குறிப்பைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.